தகட்டுக்காரி ஐறீன்

இஸ்திரிக்கைப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, குதிக்காலை உயர்த்தி, தன் முழுப் பாரத்தையும் இறக்கிக்கொண்டு நிற்கிறாள் ஐறீன். வாய் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். நேரம் பார்க்கிறாள். ஜெபமாலையில் ஒரு பத்து முடியும்வரை அழுத்தினால் சூடு சரியாக இறங்குமாம்; கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தால் கை விலகிவிடுமாம். சிவ சிவா என்று கிடந்த என் குசினிக்குள் மாதாவை இப்படிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து விட்டவள் என் மருமகள். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. நடுவில் அவளுக்கு ஒரு வரி தட்டுப்பட்டால் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பெட்டிக்கு அடியில் கிடப்பது சட்டையும் இல்லை, சேலையும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு, பின்பக்கம் வெறும் மட்டை. அதன் மேல் வழுவழுத்த கடதாசி ஒன்று முகம் குப்புறக் கிடக்கிறது. கடதாசியில் பிறின்ரர் அடித்த கறுத்தக் கோடுகள். அது மை இல்லையாம், ரோனர் என்கிற தூளாம். சூடு பட்டால் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கடதாசியை உரித்துவிட்டால் கோடு மட்டும் தகட்டில் நிற்கும். அதை அசிட்டில் போடுவாள். கறுப்புக்குக் கீழே இருக்கிற செம்பைத் தவிர மற்றதையெல்லாம் அசிட் தின்றுவிடும். பத்திக் துணிக்கு மெழுகு பூசிச் சாயத்தில் தோய்ப்பார்களே, ஏறக்குறைய அது. மிஞ்சிய செம்புக் கோடுகளைக் காட்டி, "இதெல்லாம் கறண்ட் போற ரோட்டு மாமி" என்பாள். பார்த்தால் பின்னேரம் பஸ்கள் முட்டிக்கொள்ளும் காலி வீதியை விட நெரிசலாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, புறக்கோட்டையில் மக்கீன் நானாவின் றேடியோக் கடையில் ஈயம் உருக்கி வளர்ந்தவள். என் மகன் லவன் ஒருநாள் வீட்டு றேடியோவைத் திருத்த அங்கே கொண்டுபோனான். றேடியோவை விட்டுவிட்டு இவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். றேடியோ இன்னும் வரவில்லை. வேதக்காரப் பெட்டை என்று நான் மூன்று மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளுக்கு அது விளங்கவே இல்லை. மாமி குறைவாகக் கதைக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். யாழ்ப்பாணத்து வீட்டில் இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் 'இருங்கோ' என்று ஒரு 'கோ' போட வரவில்லை. "தள்ளி இருங்க மாமி, தொடாதீங்க மாமி, சுடும் மாமி" என்று கொழும்பு வாயால்தான் இன்றைக்கும் என்னை அதட்டுகிறாள்.

அவளிடம் வருகிற சாமான் எல்லாம் கடைக்காரர் கைவிட்டவை. மீன் தொட்டி விளக்கு, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி, ஓட்டோவில் பாண் விற்கிறவர்களுடைய பாட்டுப் பெட்டி. பாட்டுப் பெட்டிகள்தான் அதிகம். மழையில் நனைந்து செத்துப்போனதற்குப் புதுத் தகடு அடித்து, சரிதானா என்று எங்கள் மூன்றாம் மாடிக் குசினியில் வைத்து ஒருமுறை பாட வைப்பாள். பாண் வண்டி வந்துவிட்டதென்று உடனே கீழ்வீடுகளில் கதவு திறக்கும். செருப்பைக் கொளுவிக்கொண்டு ஆட்கள் ரோட்டுக்கு ஓடுவார்கள். ஓட்டோவும் இல்லை, பாணும் இல்லை. மேலே பார்த்து ஏசுவார்கள். ஐறீன் பல்கனியால் எட்டி, "மாலு பாண் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க!" என்பாள்.

இரண்டாம் மாடி பாலேஸ்வரி எங்கள் கட்டடத்துச் சங்கத்துக்குச் செயலாளர். ஒருநாள் சீனி இரவல் வாங்க வந்தவள், இவள் செப்புத் தகட்டை மண்ணிறத் தண்ணீரில் போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டாள். சீனியும் வேண்டாம் என்று போய்விட்டாள். அன்று பின்னேரமே அவள் வாசலில் எலுமிச்சங்காய் தொங்கியது. மறுநாள் படியில் என்னைக் கண்டு குசுகுசுத்தாள்.

"அம்மா, உங்கட மருமகள் ஆருக்குத் தகடு எழுதுறா?"

"பாண்காரனுக்கு."

அது அவளுடைய பயத்தைக் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை.

அந்த மண்ணிறத் தண்ணீரைப் பழைய நெல்லிரசப் போத்தலில்தான் ஊற்றி வைத்திருக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. 'நஞ்சு' என்று எழுதி ஒட்டினால் லவனுக்குத்தான் உதவும். ஆகவே அறுந்துபோன ஜெபமாலை ஒன்றைப் போத்தலின் கழுத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, "மாலை போட்டதைத் தொடாதீங்க மாமி" என்று ஒரேயொரு தரம் சொன்னாள். அதற்கு மேல் விளக்கமும் இல்லை, புத்திமதியும் இல்லை. என் மாத்திரைப் பேணிகளிலும் அப்படித்தான் கீறி வைத்திருக்கிறாள். காலையில் போடுவதற்குச் சூரியன், படுக்கப் போகும்போது போடுவதற்கு நிலா, சீனி வருத்தத்துக்கு ஒரு பெரிய பல்லி. ஏன் பல்லி என்று கேட்டேன். "எறும்பு கீறினேன் மாமி, இப்படி வந்துட்டு" என்றாள். பல்லி என்றால் சாப்பாட்டுக்கு முன் என்று நானும் பழகிக்கொண்டேன்.

வீட்டில் இஸ்திரிக்கைப் பெட்டி ஒன்றுதான். இவளுடைய தகட்டையும் அதுதான் பார்க்க வேண்டும், லவனுடைய சட்டையையும் அதுதான் பார்க்க வேண்டும். ஒருநாள் அவன் கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையின் முதுகில் பாதிப் பாட்டுப் பெட்டி பதிந்து போயிருக்கிறது. பஸ்ஸில் பின்னால் நின்றவன், இந்தச் சட்டை எங்கே வாங்கியது என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து லவன் சத்தம் போட்டான். ஐறீன் சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "சே, இவ்வளவு கிளியரா தகட்டில கூட வரல்லயே" என்று கவலைப்பட்டாள்.

அவளுடைய பெரிய பசி கடதாசிப் பசி. வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஊறினதும் அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரிக் கழர வேண்டும். அதில் முன்பே ஏதும் அச்சடித்திருந்தாலும் பரவாயில்லையாம், அச்சு மை தகட்டில் ஒட்டாதாம். கலியாண வீட்டுக்குப் போனால் பொம்பிளை மாப்பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். அழைப்பிதழை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "கிளிட்டர் போட்டுக் கெடுத்துட்டாங்க" என்பாள். சுப்பர்மார்க்கெட் விளம்பரம், சேலைக்கடைப் புத்தகம், அவளுடைய கோயில் பங்கு மலர் என்று எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என் கட்டிலுக்குக் கீழே வந்து சேர்ந்தாள்.

என் மனுசன் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடித்தோம். முந்நூறு அடித்தோம். அவருக்கு அவ்வளவு சிநேகிதர் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சம் கட்டாகக் கட்டிலுக்குக் கீழே போயிற்று. எறியவும் மனம் வராது, கொடுக்கவும் ஆளில்லை. வெள்ளவத்தையில் எந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள், யாராவது ஒரு அமரர் கட்டோடு கிடப்பார்.

ஒருநாள் அரிசி கழுவப் போன நான், சிங்குக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்ரிக் பேசினுக்குள் அவரைக் கண்டேன். தண்ணீருக்கு அடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு, திருநீறு, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை எல்லாம் அப்படியே. ஒரு காது மட்டும் ஊறி எழும்பியிருந்தது. ஐறீன் வந்தாள். தண்ணீருக்குள் கையை விட்டு, பெருவிரலால் அவருடைய மூக்கைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"எடியே! என்னடி செய்யிறாய் அந்த மனுசனை?"

"மாமாவை ஒண்டும் செய்யல்ல மாமி. அவருக்குப் பின்பக்கத்தில பாட்டுப் பெட்டி இருக்கு. அதைத்தான் எடுக்கிறேன்."

"உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் அவற்ற மூக்கில கை வைச்சதில்லை!"

"அதுதான் போல, ஒரு கீறல் இல்லாம வருது. நல்ல ஆர்ட் பேப்பர் மாமி. மாமாவுக்கு நல்லாத்தான் செலவழிச்சிருக்கீங்க."

இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. இந்த முறை அவளுக்கு விளங்கியது. மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். ஒப்பந்தம் பேசினோம். முகம் இருக்கிற அட்டையைத் தொடக் கூடாது. உள்தாள்களில் எதைக் கழற்றலாம் என்று நான் சொல்லுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாதபடியால் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்து வருடமாக நான் மேலே படுத்துக்கிடந்த புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"'அன்னார் கோபம் என்ற சொல்லையே அறியாதவர்.'"

"கிழி."

"'அயலவருக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல்.'"

"இது ஆர் எழுதினது?"

"உங்கட மச்சான், கனடா."

"முதல் அதைக் கிழி. அவருக்கு இந்த மனுசன் ஒரு தேங்காய் கூடக் குடுக்கேல்லை. அந்தக் கோபத்திலதான் இப்பிடி எழுதியிருக்கிறார்."

ஐறீன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கட்டிலில் ஊற்றுப்பட்டது. பிறகு தேவாரம் இருந்த தாள் வந்தது. ஐறீன் என்னைக் கேட்காமலே அதைக் கண்ணில் ஒற்றி மறுபக்கம் வைத்தாள். வேதக்காரிக்கு அது எங்கே பழகியதோ. முகம் உள்ள அட்டைகளை நான் கட்டி என் அலுமாரிக்குள் பூட்டினேன். கதவைத் திறந்தால் ஒரு கட்டு மீசை.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி இடி விழுந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி வெறுமையானால் அது மோட்டரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். இடியில் அதற்குள் இருந்த தகடு கருகிப்போயிற்று. திருத்த வந்தவன், இந்த மாதிரி இப்போது கிடையாது, வேறு பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரைக்கும் காவலாளி றமேஷ் மோட்டரைக் கையால் போட்டு நிறுத்தினான். போட மறந்தால் முகம் கழுவத் தண்ணீர் இல்லை. நிறுத்த மறந்தால் மொட்டைமாடியிலிருந்து அருவி.

அதே கிழமை ஐறீனுக்கும் கெட்ட காலம். வெளிச்சம் நல்லது என்று அசிட் தட்டைப் பல்கனிக்குக் கொண்டுபோய் ஆட்டியவள், கொஞ்சம் கூட ஆட்டிவிட்டாள். கீழே பாலேஸ்வரி தன் மனுசனின் கோயில் வேட்டியைக் காயப் போட்டிருந்தாள். அந்தக் கறை போகாது. சவர்க்காரம் போட்டால் இன்னும் சந்தோஷமாகப் பரவும்.

சங்கக் கூட்டத்துக்குப் பாலேஸ்வரி வேட்டியையும் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் முன்னால் விரித்துப் பிடித்தாள். இலங்கைப் படம் மாதிரி இருந்தது, மன்னார்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"ஒண்டில் இந்தக் கட்டடத்தில நாங்கள் இருக்கவேணும், இல்லாட்டி இந்த அசிட் இருக்கவேணும்!"

"அன்ரி, அந்த மோட்டர்த் தகட்டை நான் அடிச்சுத் தாறேன்" என்றாள் ஐறீன். "ஞாயித்துக்கிழமை பின்னேரம் தண்ணி தன்பாட்டுக்கு ஏறும், தன்பாட்டுக்கு நிக்கும்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி இந்த வேலையை இந்த வீட்டில விட்டுர்றேன்."

லவன் நெற்றியில் கையை வைத்தான். மக்கீன் நானா கடையை மூடிவிட்டார். கொட்டாஞ்சேனையில் அவள் பிறந்த வீட்டில் கால் நீட்ட இடமில்லை. இந்தக் குசினி போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. ஐறீன் சும்மா இருந்து நான் கண்டதில்லை. காண ஆசையும் இல்லை. சும்மா இருந்தால் சமைக்க வருவாள்.

சனிக்கிழமை அடுப்புப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. கருகின தகட்டின் செப்புப் பக்கத்தைப் படம் பிடித்து, கோடு கோடாகக் கணினியில் கீறி, தேவாரம் போக மிஞ்சியிருந்த கடைசி உள்தாளில் அடித்தாள். அழுத்தினாள், ஊறவைத்தாள், உரித்தாள், அசிட்டில் ஆட்டினாள், துளை போட்டாள். தகடு நகைக்கடையில் வைக்கலாம் போல வந்தது. பிறகு அதில் பூட்ட வேண்டிய, பூச்சி மாதிரிக் கால் முளைத்த கறுத்தச் சிப்பை எடுத்துக் காலைப் பொருத்திப் பார்த்தவள் வாயை மூடிவிட்டாள். ஐறீன் வாயை மூடினால் எங்கேயோ எரிகிறது என்று அர்த்தம்.

"என்னடி?"

"திருப்பல்ல மாமி."

கடதாசியைக் கவிழ்த்து வைத்துப் பதிப்பதால் படம் இடம் வலமாக மாறிவிடும். ஆகவே செப்புப் பக்கத்தைப் பார்த்துக் கீறினால், அடிக்கும்போதே திருப்பி அடிக்க வேண்டும். தன் சொந்தக் கோடுகளை அவள் சாமான் பூட்டுகிற மேற்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரிக் கீறிப் பழகியவள். அதைத் திருப்பத் தேவையில்லை. பழக்கதோஷத்தில் இதையும் அப்படியே அடித்துவிட்டாள். கண்ணாடியில் பார்க்கிற முகம் மாதிரி எல்லாம் இருந்தது, எல்லாம் பக்கம் மாறிக் கிடந்தது.

"தலைகீழா வைச்சுப் பூட்டினால்?"

"நாங்க தலைகீழா நிண்டாலும் சரிவராது மாமி."

ஞாயிறு காலை பூசைக்குப் போய் வந்து, புதுத் தகடு ஒன்றை எடுத்து, சுப்பர்மார்க்கெட் விளம்பரத்தில் அடித்து அழுத்தினாள். கடதாசி ரொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது, கோடு மயிர் மாதிரிக் கொட்டியது. துடைத்தாள். பங்கு மலரில் அடித்தாள். பாதி ரோட்டைக் காணவில்லை. துடைத்தாள். என் அறைப் பக்கம் வரவில்லை. அலுமாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், வாய் தயாராக இருந்தது. கேட்காதவளுக்கு என்னத்தைச் சொல்வது?

நானே போய் அலுமாரியைத் திறந்தேன். கட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை உருவினேன். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை மூச்சுக்கு மாஸ்க் போட வேண்டும் என்று அந்த மீசையை எடுக்கச் சொன்னார்கள். நேர்ஸ் பிள்ளையின் கையை அவர் தட்டிவிட்டபடியால் சவரக்கத்தியை என்னிடம் தந்தார்கள். நான்தான் வழித்தேன். மீசை இல்லாமல் கிடந்தபடியால், செத்தவீட்டுக்கு வந்த சொந்தத் தமையனே வேறு யாரோ என்று வாசலோடு திரும்பப் பார்த்தார். அட்டையில் மட்டும்தான் அது முழுசாக இருக்கிறது.

"இந்தா. ஆனா உரிக்கிறது நான்."

"தகடு சுடும் மாமி."

"ஐம்பது வருசம் அந்த மனுசனோட இருந்தனான். எனக்குச் சூடு காட்டாதை. படத்தைத் திருப்பினியோ?"

"திருப்பினேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

"உன்ர மாதா நேற்றும் பாத்துக்கொண்டுதானே நிண்டவ."

அவள் அழுத்தினாள். அன்றைக்கு ஜெபத்தை நான் சொன்னேன். பேசினை என் மடிக்குக் கிட்ட வைத்தாள். என் பெருவிரலால் தேய்த்தேன். மூக்குத்தான் முதலில் போயிற்று. பிறகு காது, பிறகு கோட்டு. மீசை மட்டும் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது, உயிரோடிருந்தபோதும் அப்படித்தான். அதுவும் போன இடத்தில் கறுத்தக் கோடுகள் ஒன்றுகூட அறாமல் கிடந்தன.

அறுந்த கோட்டைத் தொட்டுவிடுகிற, அசிட் தின்னாத மை கொண்ட மார்க்கர் பேனை ஒன்று அவளிடம் இருக்கிறது. அன்றைக்குத் தொட வேண்டிய இடம் இல்லை. ஆனாலும் அதை எடுத்து, தகட்டின் ஒரு மூலையில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ கீறினாள்.

"அறுந்து கிடக்கோ?"

"சின்ன இடம்தான் மாமி."

அசிட், துளை, ஈயம் எல்லாம் முடிய, பின்னேரம் எல்லாரும் கீழே நின்றார்கள். பாலேஸ்வரி கொஞ்சம் தள்ளி, வேட்டியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஐறீன் வயர்களைக் கொளுவி, தகட்டைத் தொங்கவிட்டபடி மெயினைப் போட்டாள். 'டிக்' என்றது. மோட்டர் இரைந்தது. இரைவது பெரிய காரியம் இல்லை, நிற்க வேண்டும். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். றமேஷின் கை பழக்கத்தில் சுவிச்சுக்குப் போனது. ஐறீன் அதில் ஒன்று போட்டாள். "சும்மா இரு தம்பி."

எனக்குக் கால் உளைந்தது. லவன் வியர்வையைத் துடைத்தான். ஐறீன் தன் கவுணின் கறை பிடித்த முன்பக்கத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

'டிக்.' மோட்டர் நின்றது.

பாலேஸ்வரி மழையா என்று பார்க்கிற மாதிரிக் கையை நீட்டினாள். ஒரு துளி இல்லை. எலுமிச்சங்காய் கட்டினவளுக்கு உடனே சிரிக்க முடியுமா? "சரி. ஆனா அந்தத் தட்டோட பல்கனிப் பக்கம் வந்தியெண்டால்…"

"வரல்ல அன்ரி. இனிச் சிங்குக்குள்ளதான்."

மெயினை நிறுத்திவிட்டு, தகட்டைப் பெட்டிக்குள் வைத்து முறுக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். "மாமி, இங்க வாங்க." றமேஷிடமிருந்து ரோர்ச்சை வாங்கித் தகட்டைத் திருப்பிக் காட்டினாள். நெரிசலான ரோட்டெல்லாம் தாண்டி ஒரு மூலையில், ஒரு கோட்டோடும் சேராமல், இரண்டு நுனியும் மேலே சுருண்டபடி அது இருந்தது. ஈயம் பூசியிருந்தபடியால் நரைத்திருந்தது. பல்லி மாதிரி இல்லை. யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஐறீன் தகட்டை உள்ளே வைத்து இறுக்கினாள். மண்ணிறம் படிந்த இரண்டு கையாலும் தன் மேலுதட்டில் இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, பெட்டியை மூடினாள்.